சர்ப்பகந்தியின் சரித்திரம்

நம்மூர்த் திண்ணைகளிலே மூலிகை வைத்தியத்தைப் பற்றிப் பேச்செழுந்தால் இரண்டே கட்சிகள்தாம் உண்டு. ஏட்டிலே இல்லாதது உலகிலே இல்லை என்பது ஒன்று. ஏட்டிலே உள்ளதெல்லாம் பாட்டிமார் கதை என்பது மற்றொன்று. முதற்கட்சியாரின் வாதத்தை நான் கோயில் மண்டபத்திலே கேட்டிருக்கிறேன்; இரண்டாங்கட்சியாரின் வாதத்தை நான் படித்த மிஷன் பாடசாலையிலே கேட்டிருக்கிறேன். ஒருவரோடொருவர் மாறுபட்டவராயினும் ஒரு விடயத்தில் இருசாராரும் ஒன்றுபட்டவர். வேரைக் கையிலெடுத்துச் சோதித்துப் பார்க்கும் பொறுமை இருவருக்கும் இல்லை.

இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது என் பெரியப்பாவுக்கு நேர்ந்த ஒரு சம்பவமாகும். அவருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. ஆஸ்பத்திரியிலே கொடுத்த குளிகைகளைச் சில ஆண்டுகள் ஒழுங்காக எடுத்துவந்தார். பின்னர் யாரோ சொன்னதைக் கேட்டு அவற்றை நிறுத்திவிட்டு, பட்டணத்துக் கடையொன்றிலே 'சர்ப்பகந்தி வேர்' என்று விற்றதை வாங்கி, இடித்துக் காய்ச்சிக் குடிக்கத் தொடங்கினார். மூன்றாம் மாதம் பாரிசவாதம் வந்தது. வலக்கையும் பேச்சும் போயின. வீட்டிலே சிலர் வேரைக் குறைகூறினர். வேறு சிலர் ஊழைக் குறைகூறினர். உண்மை எவருக்கும் தெரியாது. குடித்தது எவ்வளவு, குடித்தபின் அழுத்தம் இறங்கியதா ஏறியதா என்று ஒரு துண்டுக் கடதாசியிலேனும் எழுதிவைத்தவர் இல்லை. அந்த வேர் மெய்யாகவே சர்ப்பகந்திதானா என்று கேட்டவரும் இல்லை.

அன்று முதன்முதற் கேட்ட அப்பெயரைப் பின்பற்றி நூல்நிலையத்தினுள்ளே புகுந்தேன். சிங்களத்திலே 'ஏகவேரியா' எனப்படும் இச்சிறு செடி, நமது நாட்டோடு தொடங்கி உலக வைத்திய சாத்திரத்தின் நடுவிடத்தை எட்டிய வரலாறு ஒன்று அங்கே எனக்காகக் காத்திருந்தது.

போத்துக்கேயர் கோவாவை ஆண்ட காலத்திலே கார்சியா த ஓர்த்தா என்னும் வைத்தியர் அங்கே வாழ்ந்தார். கீழைத்தேய மருந்துச் சரக்குகளைப் பற்றி இருவர் உரையாடுவது போல அவர் எழுதிய நூல் 1563ஆம் ஆண்டிலே கோவாவில் அச்சாயிற்று. இந்திய மண்ணில் அச்சான மிகப் பழைய நூல்களுள் அதுவும் ஒன்று. அதிலே பாம்புக்கடிக்கு உதவும் ஒரு வேரைக் கூறுமிடத்து, அது விளையும் நாடென்று இலங்கையையே குறிப்பிடுகின்றார். அங்குள்ள ஒரு சிறு பிராணி நாகத்தோடு போர்புரியப் போகுமுன் அவ்வேரைக் கடித்து உண்ணுமாம்; அதைக் கண்டே மக்கள் அதன் குணத்தை அறிந்தார்களாம். அப்பிராணிக்கு அவர் எழுதிய பெயர்களுள் ஒன்று 'கிர்ப்பெலே'. கீரிப்பிள்ளை என்னும் நம் சொல்லைப் போத்துக்கேய நாவிலே கேட்டு நான் நூல்நிலையத்தில் இருந்தபடியே சிரித்துவிட்டேன். பாவம், ஓர்த்தாவின் கதை சிரிப்பாக முடியவில்லை. அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளின்பின், 1580இல், மதவிசாரணை மன்றத்தார் யூதர் என்று குற்றஞ்சாட்டி அவருடைய எலும்பைத் தோண்டி எடுத்து எரித்தனர்.

அவர் கூறிய வேர் சர்ப்பகந்தியே எனப் பலரும் கொள்வர். மேனாட்டார் அதற்கு இட்ட சாத்திரப் பெயரோ 'ரோவொல்பியா சர்ப்பெந்தினா' என்பது. ரோவொல்பு என்பவர் பதினாறாம் நூற்றாண்டிலே வாழ்ந்த ஜெர்மானிய வைத்தியர். மூலிகை தேடி அலெப்போ, பக்தாத் வரை வந்தவர். இந்தியாவையோ இலங்கையையோ கண்டவரல்லர். 1703இல் புளூமியே என்னும் பிரெஞ்சுத் துறவி அவருடைய ஞாபகார்த்தமாக இவ்வினத்துக்கு அப்பெயரைச் சூட்டினார். தாம் காணாத செடிக்குப் பெயராகும் பாக்கியம் எல்லோருக்குங் கிடைப்பதில்லை!

கீரியின் கதை முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நூலுக்கு நூல் பெயர்த்தெழுதப்பட்டது. பாம்பு நஞ்சை இவ்வேர் முறிக்கும் என்பதோ மனிதரிடத்தே ஒருகாலும் நிறுவப்படவில்லை. கீரியும் எந்த வேரையும் தேடிப் போகவேண்டியதில்லை. நாகத்தின் நஞ்சு சென்று பற்றும் இடம் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்திலுள்ள ஒரு புரதமாகும். கீரியின் உடம்பிலே அப்புரதம் சிறிது வேறுபட்டிருத்தலால் நஞ்சு அங்கே பற்றுவதில்லை என்று இஸ்ரேலிய ஆராய்ச்சியாளர் 1992இல் காட்டினர். பாம்பு தீண்டியவரை இன்று காப்பாற்றுவது ஆஸ்பத்திரியிலே ஏற்றும் விஷமுறி மருந்தேயன்றி இவ்வேர் அன்று. இதனை வாலிப அன்பர்கள் தத்தம் வீட்டார்க்கும் எடுத்துச் சொல்லவேண்டும். வேரை அரைக்கும் நேரத்திலே உயிர் போய்விடும்.

ஆகவே சர்ப்பகந்தி வெறும் பொய்யோ எனின், அதுவும் அன்று. அதன் மெய்யான குணம் பாம்புக் கதையின் நிழலிலே மறைந்து கிடந்தது. வட இந்தியாவிலே பீகார்ப் பகுதியில் இவ்வேரின் பொடி 'பைத்திய மருந்து' என்னும் பெயரோடு விலைப்பட்டு வந்தது. அழுகின்ற குழந்தைகளை உறங்கச் செய்வதற்கும் ஏழைத் தாய்மார் அதனைச் சிறிதளவு கொடுப்பதுண்டாம். பாம்புக்கடிக்கு அது உதவும் என்று எழுதியவர் அநேகர்; அது மனத்தை அமர்த்தும் என்று கண்டவர்களோ எழுதும் பழக்கமில்லாத கிராமத்து மக்கள்.

டில்லியிலே ஹக்கீம் அஜ்மல்கான் என்னும் யூனானி வைத்தியர் ஒருவர் இருந்தார். காங்கிரஸ் மகாசபைக்கும் தலைமை வகித்த பெரியார். அவர் நிறுவிய திப்பியாக் கல்லூரியை 1921இல் காந்தியடிகள் திறந்துவைத்தார். பழைய மருந்துகளைப் புதிய இரசாயன முறையாற் சோதிக்கவேண்டுமென்பது அவரது ஆசை. ஜெர்மனியிலே இரசாயனங் கற்று மீண்ட சலீமுஸ்ஸமான் சித்திக்கி அக்கல்லூரியில் ஆராய்ச்சியை மேற்கொண்டார். 1927இல் ஹக்கீம் காலமானார். 1931இல் சித்திக்கி சர்ப்பகந்தி வேரிலிருந்து பல அற்கலொயிட்டுகளைப் படிகங்களாகப் பிரித்தெடுத்து, ஒன்றுக்குத் தம்மை ஆதரித்த பெரியாரின் பெயரால் 'அஜ்மலீன்' என்று பெயரிட்டார். அஜ்மலீன் இருதய வைத்தியத்தில் இன்றும் பயன்படுகின்றது. ரோவொல்புக்குக் கிடைத்த பெருமையிலும் இது பொருத்தமான பெருமையென்று எனக்குத் தோன்றுகிறது.

அதே 1931இல் கல்கத்தாவிலே கணநாத சேனர், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சேனர் ஆயுர்வேதத்திலே மகாமகோபாத்தியாயர். ஆங்கில வைத்தியமும் முறையாகக் கற்றுத் தேறியவர். வேர்ப்பொடியை இருபது முதல் முப்பது கிரெயின் வரை, நாளுக்கு இருமுறை கொடுக்க, பித்துக் கொண்டவரின் கொந்தளிப்புத் தணிந்ததையும் உயர்ந்திருந்த இரத்த அழுத்தம் இறங்கியதையும் அவர்கள் எடுத்துரைத்தனர். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 'இம்மூலிகை நல்லது' என்று அவர்கள் எழுதவில்லை. எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை முறை என்று எழுதினார்கள். நம் திண்ணைப் பேச்சிலே இல்லாதது இதுதான். கல்கத்தா உஷ்ணமண்டல வைத்தியக் கல்லூரியிலே இராம்நாத் சோப்ராவும் அவர் துணைவரும் 1933இல் இம்மருந்தை மேலும் ஆராய்ந்தனர்.

எனினும் கடல்கடந்த வைத்தியர் திரும்பிப் பார்க்க இன்னும் பதினாறு ஆண்டுகள் சென்றன. பம்பாயிலே ருஸ்தம் ஜால் வகீல் என்னும் இருதய வைத்தியர் இம்மருந்தை நெடுநாள் கையாண்டு, ஐம்பது நோயாளரிடத்தே கண்ட பலனை 1949இல் பிரித்தானிய இருதய வைத்தியச் சஞ்சிகையிலே வெளியிட்டார். ஐம்பது பேரின் கணக்குத்தான். அதுவே உலகத்தை எழுப்பியது. 1952இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே சீபா கம்பனியைச் சேர்ந்த முல்லர், சிலிற்றர், பைன் என்னும் மூவர் வேரிலே மனத்தை அமர்த்தும் பொருளைத் தனியே பிரித்து 'ரெசர்ப்பீன்' எனப் பெயரிட்டனர். சித்திக்கியின் படிகங்களிலே அது அகப்படாமற் போனதேன்? எளிதிற் படிகமாகும் பகுதியிலன்றிப் பிசின்போன்ற பகுதியிலே அது ஒளிந்திருந்தமையால்.

1954இல் நியூயோர்க் இராச்சியத்து மனநோய் மருத்துவமனை ஒன்றிலே நேதன் கிளைன் என்பவர் ரெசர்ப்பீனைக் கொடுத்து நற்பலன் கண்டார். பீகாரின் பைத்திய மருந்து அமெரிக்காவிலும் பைத்திய மருந்தாயிற்று. பின்னர் 1967இல் வெளியான ஓர் ஆராய்ச்சி என்னை மிகவுங் கவர்ந்தது. போர்ச்சேவை புரிந்து ஓய்ந்த அமெரிக்கர் 143 பேர். எல்லோருக்கும் இரத்த அழுத்தத்தின் கீழளவு 115க்கும் 129க்கும் இடைப்பட்டது. சீட்டுக் குலுக்குவது போல அவர்களை இரு பகுதியாக்கி, 73 பேருக்கு ரெசர்ப்பீனும் வேறிரு மருந்துகளுஞ் சேர்த்துக் கொடுத்தனர். 70 பேருக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிகை. எவருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் எடுப்பவருக்கும் தெரியாது. முடிவிலே, வெற்றுக் குளிகை எடுத்தவர்களுள் 27 பேருக்குப் பாரிசவாதம், இருதயத் தளர்ச்சி முதலிய பெருந்தீங்குகள் நேர்ந்தன. மருந்தெடுத்தவர்களுள் இருவருக்கே நேர்ந்தன. இரத்த அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்கும் என்பதை ஐயமற நிறுவிய முதற் பெரும் பரிசோதனை அது. அதிலே நமது செடியின் வேருக்கும் பங்குண்டு. அதைப் படித்த இரவு பெரியப்பாவின் வலக்கையை நினைத்துக்கொண்டு நெடுநேரம் உறங்காதிருந்தேன்.

இதுவரை பெருமை. இனி மற்றைப் பக்கம். ரெசர்ப்பீன் மிகுந்த அளவில் எடுத்த சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்தனர் என்ற செய்தி 1950களின் நடுவிலேயே வரத்தொடங்கியது. பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர் அத்தொடர்பை ஐயுற்றும் எழுதியுள்ளனர். 1974இல், இம்மருந்தால் மார்புப் புற்றுநோய் வரும் என்று மூன்று கட்டுரைகள் ஒரே காலத்தில் வெளியாகிப் பெரும் பீதியை உண்டாக்கின. மேலுஞ் சோதித்தபோது அக்குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. விஞ்ஞானிகளும் தவறுவர். ஆனால் தவறென்று காட்டுதற்கு அவர்கள் எழுதிவைத்த கணக்கே உதவுகிறது. இப்போது ரெசர்ப்பீனின் சிறந்த அளவு நாளொன்றுக்குக் கால் மில்லிகிராமுக்கு மேற்படாதது எனக் கொள்ளப்படுகின்றது. ஒரு குன்றிமணியை ஐந்நூறு துண்டாக நறுக்கினால் ஒரு துண்டின் எடை ஏறக்குறைய அவ்வளவு. வேரிலோ மருந்தின் அளவு மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். பெரியப்பா கைப்பிடியால் அளந்தார்.

சர்ப்பகந்தியின் கதை இன்னொரு மூலிகையையும் இழுத்து வருகிறது. 1957இல் சுவீடன் தேசத்து ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்ப்பீனைக் கொடுத்தார். அவை அசைவற்றுச் சோர்ந்து கிடந்தன. பிறகு எல்-டோபா என்னும் பொருளை ஏற்றினார். சிறிது நேரத்திலே முயல்கள் எழுந்து நடமாடின. மூளையிலே டோபமீன் என்னும் பொருள் செய்யும் தொழில் இவ்வாறு வெளிப்பட்டது. அதிலிருந்தே பாக்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்துக்கு எல்-டோபா மருந்தாயிற்று. கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்த எல்-டோபாவோ நம் வேலியோரத்துப் பூனைக்காலி வித்திலே நிறைய இருக்கின்றது! சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த தாமோதரன், இராமசுவாமி இருவரும் 1937இலேயே அவ்வித்திலிருந்து அதனைப் பிரித்தெடுத்திருந்தனர். அது எந்நோய்க்கு மருந்தாகும் என்பதை அப்போது உலகில் எவரும் அறியார். 2004இல் இலண்டனிலே எட்டு நோயாளருக்குப் பூனைக்காலி வித்துப்பொடி முப்பது கிராம் கொடுத்துப் பார்த்தபோது, வழக்கமான குளிகையிலும் விரைவாக, ஏறத்தாழப் பாதி நேரத்திலே, அது வேலை செய்தது. எட்டுப்பேர் சிறு தொகையே. ஆனாலும் பூனைக்காலியின் சுணையையன்றி வேறொன்றையும் அறியாத நமக்கு இது புதுச்செய்தியன்றோ?

எல்லா மூலிகைக்கும் இவ்விதம் வெற்றி கிட்டவில்லை. கீழ்க்காய்நெல்லியை எடுத்துக்கொள்வோம். மஞ்சட்காமாலைக்கு அதனைப் பாலிலோ மோரிலோ அரைத்துக் கொடாத வீடு நம் நாட்டிலே இல்லை. 1988இல் சென்னை ஆராய்ச்சியாளர் தியாகராஜனும் பிறரும், ஈரலழற்சி 'பி' வைரசைத் தாங்கியிருந்தவர்களுக்கு அதனை முப்பது நாள் கொடுத்துப் பார்த்தனர். மருந்தெடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரசின் அடையாளம் மறைந்தது. வெற்றுக் குளிகை எடுத்த 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகப் புகழ்பெற்ற 'லான்செற்' சஞ்சிகையிலே இது வெளிவந்தபோது நம்மவர் கொண்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் பிறநாடுகளிலே மீண்டும் செய்துபார்த்தபோது அப்பலன் காணப்படவில்லை. இனம் மாறியதோ, மண் மாறியதோ, முதற்கணக்கே தற்செயலோ, இன்றும் முடிவாகவில்லை. அப்படியானால் ஊரிலே பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தனர்? அசுத்த நீரால் வரும் சாதாரணக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் மருந்தின்றியே மாறிவிடும். நானும் பத்து வயதிலே கீழ்க்காய்நெல்லி குடித்துச் சுகமானவன். அம்மம்மா அரைத்துத் தந்த அந்தக் கைப்புக்கு என் நன்றி என்றும் உண்டு. சாட்சி மட்டும் என்னாற் சொல்ல முடியாது.

ஆயிரம் ஆண்டு வழங்கிய மருந்திலே தீங்கிராது என்று சொல்வோர்க்கு ஈசுவரமூலியின் இனத்தைக் காட்டுவேன். பெல்ஜியத்திலே 1993இல், உடல் மெலிவதற்காக மூலிகைக் குளிகை எடுத்த இளம்பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் சுருங்கிக் கெட்டுப்போனமை வெளியாயிற்று. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒற்றுமையால், ஈசுவரமூலி இனத்துச் செடியொன்று கலந்துவிட்டதே காரணம். அந்த நஞ்சு பல ஆண்டுகள் சென்றபின் புற்றுநோயையும் உண்டாக்கும். நமது ஈசுவரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அதே இனம். பரியாரியார் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் அதனைக் கொடுத்தும் தீங்கைக் காணாதிருக்கக்கூடும். இன்று குடித்த கஷாயத்துக்கும் பத்தாண்டின்பின் வரும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தனியொருவர் கண்ணால் காண்பது எங்ஙனம்?

யாழ்ப்பாணத்திலே நமக்கு ஏடுகளுக்குக் குறைவில்லை. தமிழரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களைச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலே ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அவர்கள் அச்சிட்டுக் காத்துத் தந்தார்கள். அவருக்கு முன்னரே, 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்து, 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களையும் வெளியிட்டார். என் பாடசாலையிலே அவர் கதையை ஆண்டுதோறும் சொல்வார்கள். செகராசசேகரம் என்ற பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. கோயில் மண்டபத்திலோ கிறீன் பெயரை எடுப்பவர் இல்லை. ஒரே ஊரிலே, ஒரே தமிழிலே எழுதப்பட்ட இருவகை நூல்களையும் ஒரே மேசையில் விரித்துவைத்து ஒப்புநோக்க எவ்வளவு வசதி இருந்தது! அவ்வசதி கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் கிடைத்தபோது அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்த வைத்தியப் பிரிவு ஏற்பட்டதன்பின் அந்த மேசை நமக்கும் கிடைத்திருக்கிறது.

சென்ற விடுமுறையிலே எங்கள் பகுதிப் பரியாரியார் ஒருவரைக் கண்டு பேசினேன். எண்பது வயதை அண்மிய அவர், தாம் மருந்து கொடுத்தவர்களின் பெயரெழுதிய கொப்பி ஒன்றை அன்போடு எடுத்துக் காட்டினார். சுகமானவர்கள் பெயரெல்லாம் முத்துப் போன்ற எழுத்திலே இருந்தன. "ஐயா, சுகமாகாதவர்களின் பெயர்கள் எங்கே?" என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, அவர்கள் திரும்பி வருவதில்லையே. நான் எப்படி எழுத?" என்றார். சற்றுப்பொறுத்து, கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பி, வெறுமையான தாள்களைப் பார்த்துவிட்டு, "இனிமேல் ஆள் அனுப்பி விசாரிக்கலாம்" என்று மெல்லச் சொன்னார். அந்த வேலைக்கு என் தம்பியை அனுப்புவதாக ஒப்புக்கொண்டேன். இப்போது அவன் ஞாயிறுதோறும் சைக்கிளிலே போய்வருகிறான். முதல் மாதத்திலே பதினொரு வீடுகள்.

பெரியப்பா குடித்த வேரிலே மிச்சம் ஒரு பிடி பழைய ஓவல்ரின் பேணியொன்றினுள் கிடந்தது. அதைச் சர்வகலாசாலைக்கு எடுத்துச் சென்று தாவரவியல் விரிவுரையாளர் ஒருவரிடம் கொடுத்தேன். சர்ப்பகந்தி வேரிலே கல்லைப்போல இறுகிய கலங்கள் இரா. அதன் உறவினச் செடிகளின் வேர்களில் அவை இருக்கும். சீவிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். ஏழு துண்டுகள் பார்த்தோம். இரண்டிலே அக்கலங்கள் இல்லை. ஐந்திலே அவை நெருக்கமாக, அரிசிமணிகள் போலத் தெரிந்தன.